நீலமான உப்பு

சிங்கவரத்தில், கடலை காயும் வாசலைத் தாண்டி வெயில் கூடத்துக்குள் ஒரு முழம் வந்து கிடக்கிறது. அந்த வெளிச்சத்தில் இரண்டு எவர்சில்வர் மூடிகள். ஒன்றில் பாக்கெட் உப்பு, இன்னொன்றில் ஜாடியிலிருந்து அள்ளிய கல்லுப்பு. பொதுச் சுகாதாரத்தில் மேல்படிப்புப் படிக்கிறேன், ஆய்வுக்கு வந்திருக்கிறேன் என்று செஞ்சியிலிருந்து பஸ் ஏறி வந்த செலின், சின்னக் குப்பியிலிருந்து இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விடுகிறாள். வீட்டுக்காரி அஞ்சலை உப்பைப் பார்க்கவில்லை. செலினின் விரல்களையே பார்க்கிறாள். அவள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் படத்தையும் அவள் முகத்தையும் மூன்று தடவை ஒப்பிட்டாயிற்று. கல்லுப்பு வெள்ளையாகவே இருக்கிறது. பாக்கெட் உப்பு கருநீலமாகிறது. காலையில் பிள்ளைகளுக்கு வைத்த குழம்பில் போட்ட உப்பு அது.

“இன்னாமா கலந்த?”

“ஒண்ணும் கலக்கலக்கா. நீலமானா அயோடின் இருக்குது. இதான் நல்ல உப்பு, கழுத்துல கழலை வராது,” என்கிறாள் செலின். தாளில் ‘அயோடின் உப்பு பயன்படுத்துகிறார்’ என்ற வரிக்கு நேரே டிக் போடுகிறாள். அஞ்சலை அந்த நீலத்தை விரலால் தொட்டு நாக்கருகே கொண்டுபோகிறாள். செலின் பாய்ந்து கையைப் பிடிக்கிறாள். “ஐயோ, வாயில வைக்காதீங்க! சொட்டு மருந்து பட்டது, சாப்பிடக் கூடாது!”

அஞ்சலை கையை உருவி, முந்தானையில் அழுத்தித் துடைக்கிறாள். உள்ளே போய், மீதியிருந்த பாக்கெட்டைக் கொண்டுவந்து அந்த டிக்கின் மேலேயே வைக்கிறாள்.

“நல்ல உப்புன்னா நீயே எடுத்துக்கினு போ. எங்களுக்கு நிறம் மாறாத உப்பு போதும்.”