பேர் போடாத பை

“அக்கா, ஒத்த ஸ்டார் குடுத்துட்டாங்க!” என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள் ஃபர்ஸானா.

ஜான்சி கிரைண்டரை நிறுத்தினாள். தாராவியில் அவளுடைய தோசை மாவுக்கு எப்போதும் கூட்டம்தான். தாராவியைத் தாண்டியும் விற்க வேண்டும் என்ற ஆசையில், கம்ப்யூட்டர் படித்த பக்கத்துச் சந்து ஃபர்ஸானாவைப் பிடித்து ‘ஜான்சி மாவு’ என்று ஒரு ஆப் செய்ய வைத்திருந்தாள். ஆப் வந்து மூன்று மாதம் ஆகிறது. செம்பூரிலிருந்து ஆர்டர் வருவதே அபூர்வம். அதிலும் இப்படி!

“மாவு புளிச்சிருச்சாமா?”

“அதான் இல்ல. மாவு ஏக்தம் சூப்பராம். பையில இவ்ளோ பெருசா ‘ஜான்சி மாவு’ன்னு போட்டிருக்கதால வீட்டுல மாட்டிக்கிடுவாங்களாம். பேர் போடாத பையில, காலைல பத்து மணிக்கு மேல, பெல் அடிக்காம வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போகணுமாம். நாம என்ன சாராயமா விக்கிறோம்?”

ஜான்சி சிரித்துவிட்டாள். “மாமியாருக்குப் பயந்த மருமவளா இருக்கும்ட்டி. வீட்டுல அரைச்ச மாவுன்னு சொல்லித் தோசை சுடுதா போல. நம்ம பையப் பாத்தா குட்டு வெளிப்பட்டுரும்லா? பாவம். ஆப்புல அதுக்குன்னு ஒரு பட்டன் வச்சிரு.”

“பேரே போடலன்னா நமக்கு விளம்பரம் எப்படிக்கா?”

“திங்கிற வாய் சொல்லாதாட்டி?”

‘பேர் போடாத பை’ என்று ஒரு பட்டன் வைத்தாள் ஃபர்ஸானா. அடுத்த வாரமே ஒற்றை ஸ்டார் ஐந்து ஸ்டார் ஆனது. அதோடு நிற்கவில்லை. மாமியாருக்கு ஒளித்து மாவு வாங்கும் மருமகள்களும், மருமகளுக்கு ஒளித்து வாங்கும் மாமியார்களும் செம்பூரிலும் சுனாபட்டியிலும் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பட்டனைப் போட்டி போட்டு அமுக்கினார்கள். டெலிவரிப் பையன் தாஹிரின் ஸ்கூட்டர் மட்டும் போதாமல் இன்னொரு ஸ்கூட்டர் வந்தது.

பின்னாலேயே சுயம்பு அண்ணாச்சியும் வந்தார்.

செம்பூரில் மாவு ஃபேக்டரி வைத்திருப்பவர். மும்பையில் பாதித் தமிழ்க் கடைகளில் தொங்குவது அவர் பாக்கெட்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஜான்சி சுட்டுக் கொடுத்த இரண்டு தோசைகளையும் தின்று முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“மோசமில்ல. ஆனா எங்க வீட்டுத் தோசை கிட்ட நிக்காது, பாத்துக்க. அது என் ஃபேக்டரி மாவு. காலைல நாலு உள்ள போனாத்தான் எனக்கு வண்டியே ஓடும். செரி, விசயத்துக்கு வாரேன். நானும் ஆப் விடப் போறேன். ஒரு பாக்கெட் மாவுக்கு ஒரு டப்பா சட்னி ஃப்ரீ. வருசம் பூரா நட்டத்துல ஓட்ட எனக்குத் தெம்பு இருக்கு. உனக்கு இருக்கா தாயி?”

இல்லை என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“அதனால ஆப்ப மூடிரு. நீ பாட்டுக்கு அரை. நான் மொத்தமா எடுத்துக்கிடுதேன். பாக்கெட்டுல என் பேரு இருக்கும், அம்புட்டுதான்.”

அம்புட்டுதானாம்! ஒரே ஒரு கிரைண்டரோடு ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சம்பாதித்ததே அந்தப் பேர் ஒன்றைத்தான். ஜான்சி ஃபர்ஸானாவைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“செரி அண்ணாச்சி...” என்று இழுத்தாள் ஜான்சி.

“அப்படிச் சொல்லு! நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வாங்க. கையெழுத்தப் போட்டுட்டு, நல்ல தோசைன்னா என்னன்னு தின்னு பாருங்க.” கையோடு போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். “ஏளா, நாளைக்குக் காலைல யாவார விசயமா ரெண்டு பேரத் தோசைக்குக் கூப்புட்டிருக்கேன். நம்ம மாவோட மவுசு அவியளுக்குத் தெரியணும், என்ன?”

போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். சயான் ரோட்டு டிராபிக்கை ஒரு பாட்டம் திட்டினார். அவர் திட்டி முடிப்பதற்குள் ஜான்சியின் போன் ‘டிங்’ என்றது. புது ஆர்டர். படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, ஆப்ப மூடல. என் மாவு என் பேர்லதான் போவும். நீங்க சட்னிய ஃப்ரீயா குடுங்க, வேணும்னா சாம்பாரும் சேத்துக் குடுங்க.”

“இப்பத்தான செரின்ன? கிறுக்குப் புடிச்சிருச்சா?”

“இப்பத்தான் தெளிஞ்சிருக்கு. ஆனா நாளைக்குத் தோசை திங்கக் கண்டிப்பா வாரோம்.”

“வாங்க, வாங்க. என் மாவு வாய்க்குள்ள போனதும் நீயே பேனாவக் கேப்ப” என்று சிரித்துக்கொண்டே காரை நோக்கி நடந்தார் அண்ணாச்சி.

ஃபர்ஸானா பதறினாள். “அரே, என்னக்கா பண்ணிட்ட? அவ்ளோ பெரிய ஃபேக்டரியோட மோத முடியுமா?”

ஜான்சிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பேச முடியாமல் போனை நீட்டினாள். ஆர்டர் போட்டிருந்தது அந்த ஒற்றை ஸ்டார் அக்காதான்.

‘பேர் போடாத பை’ பட்டன் வழக்கம்போல அமுக்கப்பட்டிருந்தது. அதன் கீழே ஒரு குறிப்பு: “ரொம்ப அவசரம். நாளைக்குக் காலைல எங்க வீட்டுக்காரர் பிசினஸ் விஷயமா ரெண்டு பேரைத் தோசைக்குக் கூப்பிட்டிருக்கார். வழக்கமா அனுப்புறதோட ஒரு கிலோ சேர்த்து அனுப்புங்க. அவர் வீட்டுக்கு வர்றதுக்குள்ள வந்து சேரணும்.”