இறுகிய கட்டு

காலை வெயில் விழும் வாசலில் அலர்மேலு வலது கையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று மாமரத்திலிருந்து விழுந்து முறிந்த கை. மாநில எல்லையில் நடக்கும் மறியலால், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் புத்தூருக்கு பஸ் நின்றுபோனதால், உள்ளூர்க்காரன் ஒருவன் மூங்கில் பத்தை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறான். கட்டுக்கு வெளியே விரல்கள் நீலம் பாரித்து உப்பியிருக்கின்றன. "வலிச்சா எலும்பு கூடிக்கினு கீதுன்னு அர்த்தம். துன்னு கண்ணு," என்று அம்மா செங்கம்மா களியை உருட்டி ஊட்டுகிறாள். அக்கா யசோதா கதவோரம் நின்று பார்க்கிறாள். சின்ன வயதில் கை முறிந்தபோது அவளுக்கும் அவன்தான் கட்டினான். அம்மா இதையேதான் சொன்னாள். கை சூம்பி, விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கிப்போனபோது, கட்டினவன் மேல் தப்பில்லை, இவள் தலையெழுத்து என்றார்கள். போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தங்கையைக் கேட்டான். தையில் கல்யாணம். இன்னும் ஒரு பொழுது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இரண்டு பேர் கையும் ஒன்றாகிவிடும். அந்த நினைப்பு அவளுக்கு வெல்லமாய் இனிக்கிறது. "யக்கா, வெரலு மரத்துப் பூட்ச்சிக்கா," என்கிறாள் அலர்மேலு. யசோதா கூரையில் செருகியிருந்த அரிவாளை இடக்கையால் உருவுகிறாள். கயிற்றுக்கடியில் நுழைத்துச் சரக்கென்று அறுக்கிறாள். "பொறாம புட்ச்சவளே! அவ கையி கூடக் கூடாதா ஒனக்கு?" அம்மா அவள் முதுகில் அறைகிறாள். தங்கையின் விரல்களில் மெல்ல ரத்தம் ஏறுகிறது. சுண்டுவிரல் முதலில் அசைகிறது. அதைப் பார்க்கப் பார்க்க யசோதாவுக்கு வயிறு எரிகிறது. "பொறாமதாம்மா," என்கிறாள். "என் கட்ட அறுக்க ஒருத்தியும் இல்லியே."