முப்பது நொடி அசையாதவர்

ஆறு நாட்களில் எடுத்த நாற்பத்தொரு படங்களிலும் அந்த ஆள் இருந்தார்.

செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் போய், மாமல்லபுரம் பக்கத்துக் குப்பமொன்றில் பிள்ளைகளுக்கு ஒளியால் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். பொழுது சாய்ந்ததும் டார்ச்சோடு கடற்கரையில் ஓடுவார்கள். கேமரா முப்பது நொடி திறந்திருக்கும். ஓடுகிற பிள்ளைகள் பதிய மாட்டார்கள். டார்ச் வரைந்த மீனும் படகும் பதியும். அசையாமல் நிற்பதும் பதியும்.

அப்படித்தான் அவரும் பதிந்திருந்தார். கவிழ்த்த படகின் அருகே, முகம் தெரியாத கருப்பு உருவமாக.

ஏழு வயது பவானியை அழைத்துப்போக அவள் அம்மா ஜெகதாம்பாள் வந்தபோது, தயங்கித் தயங்கிப் படத்தைக் காட்டினேன்.

"அக்கா, இந்த ஆள் தினமும் பிள்ளைங்களையே பார்த்துட்டு நிக்கிறார். பயமா இருக்கு. போலீஸ்ல சொல்லிடலாமா?"

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். "இதுல பவானி எங்க?"

"ஓடினா பதிய மாட்டாக்கா."

"மத்த புள்ளைங்க?"

"அவங்களும்தான்."

ஜெகதாம்பாள் படகுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "யோவ், போதும் வாய்யா!"

உருவம் மணலை உதறிக்கொண்டு நடந்து வந்தது.

"என் வூட்டுக்காரருதான். நாங்கதான் நிக்க வெச்சோம்."

"எதுக்குக்கா?"

"போட்டோ புடிக்கிறேன்னு புள்ளைங்கள இருட்டுல இட்டுகினு போற. ஒண்ணுலயாவது அதுங்க மூஞ்சி தெரியுதா? உம்மேலதாம்மா சந்தேகம்."