காய்ச்சல் கண்ட பூஞ்சை

மரபணுச் சோதனை அறிக்கையை மூன்றாவது முறையாகப் படித்தாள்.

வாழையை வாடவைக்கும் பூஞ்சை. அதற்குள் ஒரு வைரஸ்.

பூஞ்சைக்கும் காய்ச்சல் வரும் என்று கல்லூரியில் படித்ததுதான். நேரில் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தாள்.

பார்த்திருக்கிறாள். தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாதிரி எண்ணைக் கண்டதும் பூஞ்சை வளர்த்த அந்தக் கண்ணாடித் தட்டு நினைவுக்கு வந்தது. சின்னமாயன் தோட்டத்து வாழை வேரிலிருந்து எடுத்து வளர்த்தது. மற்ற தட்டுகளில் பூஞ்சை ஒரே வாரத்தில் விளிம்பைத் தொட்டுவிட, இது மட்டும் நடுவிலேயே சோகை பிடித்துக் கிடந்தது. வேகமாக வளர்வதை வைத்துக்கொண்டு நோஞ்சானைக் கழித்துவிடுவது ஆய்வுக்கூடத்து வழக்கம். ஒரு கிள்ளு மரபணுச் சோதனைக்குப் போனது. மிச்சத்தை நீராவியில் வேகவைத்துக் கொட்டச் சொன்னவள் அவள்தான்.

அறிக்கையின் கடைசி வரி இன்னும் மோசம். அந்த வைரஸின் நெருங்கிய சொந்தமெல்லாம் செடிகளில் வாழ்பவையாம்.

இருபது வருடமாக அந்தச் செடி வைரஸ் கூட்டத்தோடுதான் அவளுக்குச் சண்டை. கண்ட இடத்தில் செடியைப் பிடுங்குங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்திருக்கிறாள். அதன் பங்காளி ஒன்று பூஞ்சைக்குள் புகுந்து, அதன் கொட்டத்தை அடக்கி, வாழையைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மாதிரி எடுத்த வருடம் ரஸ்தாளி வாழை போட்டவர்கள் எல்லோரும் மரம் வாடி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். சின்னமாயன் மட்டும் தார் வெட்டினார்.

வேரில் பூஞ்சை இருக்கிறது, அத்தனையையும் தோண்டி எரித்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னாள்.

"நிக்கிற மரத்தையா மேடம்?"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கேட்ட கேள்வியை அவளல்லவா கேட்டிருக்க வேண்டும். படித்தவள் அவள்தானே.

வெட்கம் பிடுங்கித் தின்றது.

போனை எடுத்தாள். ஒரு துண்டு வேர் கிடைத்தால் போதும். அதிலிருந்து மறுபடி வளர்த்துவிடலாம். அந்தப் பூஞ்சையைக் கொண்டு மற்ற தோட்டங்களையும் காப்பாற்ற வழி பார்க்கலாம்.

பழைய வேர் ஏதாவது இருக்கிறதா என்று சின்னமாயனிடம் கேட்டாள்.

"வேரு ஏது மேடம்? நீங்க சொன்னபடியே ஒண்ணு விடாம தோண்டி எரிச்சாச்சு. தண்ணி கட்டி நெல்லும் நட்டுட்டேன். வரப்புக்கு அந்தப் பக்கம் மச்சினன் தோட்டம். அங்கயும் நாலு மரம் நல்லாத்தான் நின்னுச்சு. வெட்ட மாட்டேன்னான். சண்ட போட்டு எரிக்க வச்சேன்."

குரலில் பெருமை வழிந்தது.

அவள் அறிக்கையை மூடி வைத்தாள்.

"இனிமே பயமில்லைல மேடம்?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"பயமில்லைங்க."

அவர் நன்றி சொன்னார். மச்சினனும் சொல்லச் சொன்னதாகச் சொன்னார்.