சுந்தரியின் முகம்

"கண்ணு இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கணும்னு சொல்லும்மா" என்றார் வைத்யநாதன்.

மொழிபெயர்க்க வந்திருந்த பிரதிபா அதை ஜப்பானிய மொழியில் சொன்னாள். மரத்தில் முகங்கள் செதுக்கும் ஒகுனோ தலையசைத்துவிட்டு உளியை எடுத்தார். கண்காட்சிக்காக மைசூருக்கு வந்திருந்தவரை, இறந்துபோன மனைவி சுந்தரியின் முகத்தைச் செதுக்கித் தரச் சொல்லி அக்ரஹாரத்து வீட்டுக்கு அழைத்திருந்தார் வைத்யநாதன். புகைப்படம் ஒன்றுகூட இல்லை. பார்க்கத் தாங்காமல் எல்லாவற்றையும் எரித்துவிட்டாராம். அவர் வாயால் சொல்லச் சொல்லத்தான் நான்கு நாட்களாக வேலை நடந்தது. இந்த வயதில் இத்தனை பாசமா என்று பிரதிபாவுக்கு நெஞ்சு இளகியது.

"புருவம் மேலே ஏறணும். வாய் இன்னும் திறக்கணும்... இன்னும்..."

மரச்சுருள்கள் உதிர்ந்தன. சட்டென்று வைத்யநாதன் எழுந்து நின்றார்.

"ஹௌது, ஆமா! இதேதான். இதே சுந்தரிதான்!" அவர் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது.

பிரதிபா அந்த முகத்தைப் பார்த்தாள். அது அலறிக்கொண்டிருந்தது.

ஒகுனோ உளியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தாமல் தன் மொழியில் அவளிடம் சொன்னார்: "உயிர் போகும் பயத்தில் இருக்கும் முகம் இது. மனைவி மாடியிலிருந்து விழுந்தபோது தான் இந்த ஊரிலேயே இல்லை, நஞ்சன்கூட்டில் இருந்ததாக இவர் சொன்னாரே. அப்படியானால் இந்த முகத்தை எப்போது பார்த்தார்?"

"என்னம்மா சொல்றார்?" வைத்யநாதன் கண்களைத் துடைத்தபடி வாசல் கதவருகே வந்து நின்றார்.

"அம்மா ரொம்ப லட்சணமா இருக்காங்களாம், சார்" என்றாள் பிரதிபா.