வண்ணக்குளத் தெரு எங்கே?

"அந்தப் பேர்ல இந்த ஊர்ல தெருவே கெடையாதுப்பா. நீயும் தெனம் வந்து கேட்டுகினு கீற, நானும் இல்லன்னு சொல்லிகினு கீறேன்."

ஜெராக்ஸ் மிஷினிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள் ரெஜினா. செங்கல்பட்டு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவள். நிலத் தகராறுக்காரர்கள் நகல் எடுக்கக் கொண்டுவரும் பழைய தெரு மேப்புகளில் தனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். அது தெரிந்துதான் ஆனந்தன் கூடுவாஞ்சேரியிலிருந்து லீவு மேல் லீவு போட்டு அவள் கடையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பேரு மாறியிருக்கும்க்கா. இன்னும் பழைய மேப்பு ஏதாச்சும் கெடக்கா பாரேன். ஞாயித்துக்கிழமை சுஜாதாவ வேற மாப்பிள்ள பாக்க வராங்க."

சுஜாதா கருங்குழிப் பெண். ரயிலில் ஆரம்பித்த பழக்கம் காதலாகி, அவளுடைய அப்பா துரை வரைக்கும் போய்விட்டது. மனிதர் கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. வேலையையும் சம்பளத்தையும் விசாரித்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டார். உங்கள் குலதெய்வம் எது?

ஆனந்தன் விழித்தான். வீட்டுக்கு ஓடி அப்பா காசிநாதனைக் கேட்டால் அவரும் விழித்தார். தாத்தா சின்ன வயதிலேயே செங்கல்பட்டை விட்டு வந்தவர். 'வண்ணக்குளத் தெருவுல எங்கப்பா பொன்னுரங்கம் கட்ன கோயிலு கீது' என்று எப்போதோ சொன்னாராம். எந்தச் சாமி என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. சோறு, வேலை, பஸ் பாஸ் என்று ஓடியதில் சாமியைக் கோட்டைவிட்ட குடும்பம்.

துரைக்கு இது பொறுக்கவில்லை. அவர் தன் வீட்டுக் கன்னியம்மாவுக்கு, ஒற்றைக் கல்தான் என்றாலும், டைல்ஸ் பதித்துக் கோயில் கட்டி வைத்திருப்பவர்.

"மொத பத்திரிகைய எந்தச் சாமிக்கு வெப்ப? போயி கண்டுபுடிச்சிட்டு வா. அப்பறமா என்ன மாமான்னு கூப்புடு" என்று அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்துதான் ஆனந்தன் இந்தக் கடைக்கு அலைகிறான். ரெஜினா முணுமுணுத்துக்கொண்டே பரணிலிருந்து இன்னொரு மேப்புக் கட்டை இறக்கினாள். தும்மல் போட்டபடி இருவரும் புரட்டினார்கள். நடுவில், மடிப்பில் கிழிந்துபோன ஒரு தாளில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் குட்டியாக ஒரு குளம். அதன் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து: வண்ணக்குளத் தெரு.

இப்போதைய மேப்பை அதன் மேல் வைத்துக் கண்ணாடிக் கதவோடு சேர்த்துப் பிடித்தார்கள். வெளிச்சத்தில் ஏரிக்கரையும் ரயில் பாதையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. குளம் இருந்த இடத்தில் ஒரு பெரிய கட்டடம்.

"அது கல்யாண மண்டபமாச்சே" என்றாள் ரெஜினா. "எங்கக்கா பொண்ணு ரிசப்ஷன் அங்கதான் நடந்துது."

குளத்தைத் தூர்த்து மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ஆனந்தனுக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது. வண்டியை விரட்டினான்.

மண்டபத்தின் சமையல் கட்டுக்குப் பின்னால், ஜெனரேட்டருக்கும் மதில் சுவருக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில். வாட்ச்மேன் முனிசாமி வழியில் கிடந்த சிலிண்டர்களை நகர்த்திக் கொடுத்தார். வாசற்படியில் காலை வைக்கப் போனவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். கல்லில் 'பொன்னுரங்கம்' என்று வெட்டியிருந்தது.

உள்ளே மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக இருந்தன. ஏழு கன்னிமார் சாமி என்றார் முனிசாமி. ஆனால் அவர் அப்பா காலத்திலிருந்தே ஆறு கல்தானாம். ஏழாவதின் இடத்தில் வெறும் பள்ளம். ஆறோ ஏழோ, சாமி கிடைத்ததே என்று ஆனந்தன் விழுந்து கும்பிட்டான். எழுந்ததும் துரைக்குப் போன் போட்டான்.

"சாமி கெடச்சிடுச்சி மாமா."

துரை அதட்டவில்லை. அங்கேயே இருக்கச் சொல்லி, சுஜாதாவையும் அழைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார். அவள் வழியிலேயே சாமிக்கு மாலை வாங்கி வந்திருந்தாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஆனந்தனைப் பார்த்துச் சிரித்தாள்.

துரை செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியைப் படித்தார். மறுபடியும் படித்தார். உள்ளே போய்க் கற்களை விரல் விட்டு எண்ணினார். பிறகு மண்டியிட்டு, அந்த வெறும் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்தார். வெளியே வரும்போது அவர் கண்ணெல்லாம் தண்ணீர். ஆனந்தனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எங்க பாட்டன் தன் கூடப்பொறந்த அண்ணனோட சண்ட போட்டுகினு, ஒரு கன்னிய பேத்து எடுத்துகினு கருங்குழிக்கு வந்துட்டாரு. எங்கேருந்து எடுத்தேன்னு சாவுற வரைக்கும் வாயத் தொறக்கல. அந்த அண்ணங்காரர் பேரு பொன்னுரங்கம்."

சாமிக்குப் போட நீட்டிய மாலை சுஜாதாவின் கையிலேயே நின்றது.

துரை அதைக் கவனிக்கவில்லை. காணாமல் போன சொந்தம் கிடைத்த பூரிப்பில் ஆனந்தனின் கன்னத்தைத் தடவினார்.

"போன்ல மாமான்னு கூப்ட இல்ல? இனிமே அப்டி கூப்புடாதடா. சித்தப்பான்னு கூப்புடு."