கேதீஸ்வரி வீட்டுக் கதிரை

"இரிங்க மாமா, போனில கணக்கு ஆப்பைக் கேட்டுப்போட்டுச் சொல்றன்" என்று கேதீஸ்வரி சுவரோரம் போனாள்.

சீனித்தம்பி கக்கத்துப் பையை இறுக்கிக்கொண்டார். பனிச்சங்கேணியில் ஒருவன் தொழிலை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போகிறான், பாவித்த வலையை அரை விலைக்குத் தருகிறான் என்று அவர் சேதி கொண்டுவந்திருந்தார். முன்பென்றால் அவர் சொல்லி முடிக்கும் முன்னே அவளுடைய புருஷன் ஜெயந்தன் சைக்கிளை எடுத்திருப்பான். இப்போது போனுக்குள் இருக்கும் ஒரு சாமானிடம் உத்தரவு கேட்கவேண்டிக் கிடக்கிறது.

அந்தப் போன் சுவர்ப் பிளக்கில் தொங்கியது. மின்விசிறிக்கு நேர் கீழே, அந்தப் பிளக்கடியில்தான் முன்பு அவர் உட்காரும் கதிரை கிடந்தது. சார்ஜர் வயர் காலில் தட்டுகிறதாம். கதிரையைக் கதவுப்பக்கம் இழுத்துவிட்டாள். அங்கே காற்று வராது. நாய் மட்டும் வந்து மணந்து பார்த்துவிட்டுப் போகும்.

"இந்த மாசம் வலைக்கு இடமில்ல மாமா. சிவப்புக் காட்டுது."

"அதுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா, புள்ள?"

கேதீஸ்வரி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் போனைப் பார்த்துத்தான்.

ஆறு வருடமாக, கக்கத்தில் அந்தப் பழைய பையோடு, ஞாயிறு தவறாமல் சீனித்தம்பி தன்னாமுனையிலுள்ள இந்த வீட்டுக்கு வருகிறார். பெண்சாதி செத்த பிறகு அவர் வீட்டில் அடுப்பெரியவில்லை. இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணியை உட்கார்ந்து ஆறுதலாகக் குடிப்பது இங்கேதான். வந்து கதிரையில் சாய்ந்ததும் கேதீஸ்வரி நிலத்தில் குந்திக்கொண்டு, "இப்ப என்ன மாமா செய்யிற?" என்று தொடங்குவாள். கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பதா, கூரைத் தகடு மாற்றுவதா, மகளின் சாமத்தியச் சடங்குக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவது, எல்லாம் அவர் வாயால்தான் வரவேண்டும். அவர் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒன்றைச் சொல்வார்: "முதல்ல கடன அடை. மத்தது புறகு."

அதைத்தான் இந்தச் சாமானும் சொல்கிறதாம். ஜெயந்தன் எங்கேயோ கேட்டுவந்து போனில் ஏற்றிக் கொடுத்தான். இறால் விற்ற காசு, இடியப்பக் காசு, மண்ணெண்ணெய், உப்பு, ஒன்றுவிடாமல் அதற்குள் போடுகிறாள். கடனுக்கு ஒரு சிவப்புக் கோடு. இரண்டு சில்லறைக் கடன் போய்விட்டது. வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடுவைத்து வாங்கிய பெருங்கடன் ஒன்றுதான் மிச்சம். அதுவும் கிழமைக்குக் கிழமை தேய்ந்தது. அவள் சந்தோசமாகக் கொண்டுவந்து காட்டுவாள். "நல்லது, நல்லது" என்பார் சீனித்தம்பி. உள்ளுக்குள், தன் பாயில் வேறொருவன் படுத்திருப்பதைக் கண்டவன்போல இருக்கும்.

போன ஞாயிறு பொறுக்காமல் கேட்டும்விட்டார், அந்த மெசினுக்கு இந்த வீட்டுக் கஷ்டம் என்ன தெரியும் என்று.

"எல்லாம் தெரியும் மாமா. நீங்க குடிக்கிற தேத்தண்ணிச் சீனியும் தெரியும்" என்றாள் அவள், பகிடியாக.

இன்றைக்குத் தேத்தண்ணியில் சீனி குறைந்திருந்தது.

கேதீஸ்வரி அறைக்குள் போய்த் துணியில் சுற்றிய காசுக்கட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது. இதோடு பெருங்கடனும் முடிகிறது என்றாள். வீட்டு உறுதி கைக்கு வந்ததும் பிள்ளையாருக்குப் பொங்கவேண்டும் என்றாள்.

"ஒருக்கா எண்ணிப் பாருங்க மாமா. நான் வெத்திலைத் தட்டம் எடுத்துவாறன்."

அவள் திரும்பி வரும்போது அவர் கடைசித் தாளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயாயிரம் குறையுது, புள்ள."

அவள் நம்பவில்லை. தானே எச்சில் தொட்டு எண்ணினாள். குறைந்துதான் இருந்தது. போனைத் தட்டிப் பார்த்தாள், மறுபடி எண்ணினாள்.

"இதில சரியாத்தானே மாமா கிடக்கு?"

"அதுக்குத் தாளைத் தொட்டுப் பாக்கக் கையிரிக்கா? நீ போட்டதச் சொல்லுது. ராத்திரி கண்ணயர்ந்துபோய்க் கூடப் போட்டிரிப்பாய்."

கேதீஸ்வரி சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டி, போனை அலுமாரிக்கு மேலே குப்புற வைத்தாள். வெயில் முகத்தில் அடிக்குது மாமா என்று சொல்லி, கதிரையை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்ததும் அவளும் நிலத்தில் குந்தினாள்.

"இப்ப என்ன மாமா செய்யிற?"

எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்கிறாள். சீனித்தம்பி காலை நீட்டிக்கொண்டார்.

"ஒண்டுக்கும் யோசியாத. இந்தக் காசு உன்னட்டையே கிடக்கட்டும், முழுக்கச் சேரட்டும். ஒரு கிழமை வட்டிய நான் பாத்துக்கொள்றன். வாற ஞாயிறு வாறன்." எழும்பும்போது, "சீனியக் கொஞ்சம் பாத்துப் போடு" என்றார்.

"போடுறன் மாமா" என்றாள் அவள். படலைவரை வந்து வழியனுப்பினாள்.

வாவிக்கரை மதகடியில், ஆளில்லாத இடம் பார்த்து சீனித்தம்பி நின்றார். இடுப்புச் சாரன் மடிப்பிலிருந்து ஐயாயிரம் ரூபாய்த் தாளை உருவி, கக்கத்துப் பையைத் திறந்து, தான் கடன் கொடுத்த அன்றைக்கு கேதீஸ்வரியிடம் ஈடாக வாங்கிய வீட்டு உறுதிக்குள் மடித்து வைத்தார்.